வேலூர் போர்வெல் தண்ணீரும் ஹாலில் நிற்கும் ஃபைகஸும்

எங்கள் வீட்டு ஃபைகஸில் இப்போது வருகிற கொழுந்து முழுப் பச்சையாக விரிகிறது. இலைக்கு அடியில் பிசுபிசுப்பு இல்லை, தண்டில் எறும்பு ஏறவில்லை, காலையில் பெருக்கினால் பழுத்த இலை ஒன்றிரண்டுதான் முறத்தில் சேர்கிறது. போன ஆடியில் இதே மரம் பாதி மொட்டையாக நின்றது. என்னென்ன செய்தேன், எது பலித்தது, எது வீண் என்பதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். வேலூர்ப் பக்கம் போர் தண்ணீரை (ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை) நம்பி வீட்டுக்குள் செடி வளர்க்கிறவர்களுக்கு இது கட்டாயம் பயன்படும். ஏனென்றால் பாதிப் பிரச்சினை தண்ணீரில்தான் இருந்தது.

மரம், ஃபைகஸ் பெஞ்சமினா. ஆல், அரசு, அத்தி எல்லாம் இதற்குப் பங்காளிகள். இலையைக் கிள்ளினால் அதே வெள்ளைப் பால் வரும். மூன்று இளந்தண்டுகளைச் சடையாகப் பின்னி வளர்த்த மரம், ஐந்தடி உயரம், 12 அங்குலத் தொட்டி. நர்சரியில் 1,200 ரூபாய்க்கு சித்திரையில் வாங்கினோம். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டில், ஹாலில் டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்தோம். அந்த மூலைக்கு நேராக ஏ.சி.

வந்த சில நாளிலேயே இலை உதிர ஆரம்பித்தது. மஞ்சளாகி விழவில்லை, பச்சையாகவே விழுந்தது. அதுவும் கிளைகளின் உட்பக்கத்து இலைதான் முதலில் போனது. இந்த மரத்தின் குணமே அது. நர்சரியில் பச்சை வலைக்கு அடியில் நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த இலை, வீட்டு மூலையின் இருட்டுக்கு ஒத்துவராது. மரம் அந்த இலைகளை உதிர்த்துவிட்டு, இருக்கிற வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி வேறு இலை விடும். ஏ.சி. காற்று நேராக அடித்தால் உதிர்வது இன்னும் கூடும். அது தெரியாமல் இலை உதிர்கிறதே என்று வீட்டில் ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றினோம். இலை குறைந்த மரம் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். மண் ஈரமாகவே கிடந்து, அடித்தட்டில் தேங்கிய தண்ணீர் நாற்றமடிக்க ஆரம்பித்தது.

ஆடி பிறந்த சமயம் அடுத்தது வந்தது. தொட்டியைச் சுற்றி டைல்ஸில் கால் ஒட்டியது. துடைத்தாலும் மறுநாள் அதே இடத்தில் ஒட்டும். இலைகளின் மேல்பக்கம் பளபளவென்று இருந்தது, சில இலைகளில் கரி படிந்த மாதிரி கறுப்பு. தண்டில் எறும்பு வரிசை. எறும்பு சும்மா ஏறாது. சாற்றை உறிஞ்சுகிற பூச்சி எதுவோ மேலே இருக்கிறது, அது விடும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு வருகிறது, அந்தத் திரவத்தின் மேல்தான் கரும்பூசணம் வளர்கிறது. அந்தக் கறுப்பை ஈரத்துணியால் துடைத்தால் அடியில் இலை நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் பூச்சி கண்ணில் படவில்லை. இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒன்றும் இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்குக் கண்ணாடி ஒன்று 150 ரூபாய்க்கு வாங்கினேன், நகை பார்க்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அதேதான். அதை வைத்துக்கொண்டு தண்டின் பின்னலுக்குள் பார்த்தபோது கிடைத்தது. மூன்று தண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிகிற இடுக்குகளில், பட்டையின் நிறத்திலேயே, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் பழுப்பு மேடுகள். தண்டின் முடிச்சு என்றுதான் யாரும் நினைப்பார்கள். நகத்தால் நெம்பினால் முழுதாகக் கழன்று வந்தது, அந்த இடம் ஈரமாக இருந்தது. மல்லாத்திப் பார்த்தால் ஓட்டுக்கு அடியில் வெளிர்நிறத்தில் பொடிப்பொடியாக முட்டைகள். அந்தப் பொடியிலிருந்து கால் முளைத்த குஞ்சு ஒன்று ஊர்ந்து போவதையும் பார்த்தேன். செதில் பூச்சி. குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான் நடக்கும். பிடித்த இடத்தில் வாயை ஊன்றி உட்கார்ந்துவிட்டால் மேலே ஓடு வளர்த்துக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

பின்னிய ஃபைகஸ் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அந்தப் பின்னல்தான். ஒற்றைத் தண்டு மரமாக இருந்திருந்தால் இது ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கும்.

முதல் வேலை, ஸ்பிரிட். வேலூரில் மருந்துக் கடைக்கா பஞ்சம்? சர்ஜிக்கல் ஸ்பிரிட் 100 மில்லி 50 ரூபாய். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, முதலில் ஒரே ஒரு இலையில் தடவி இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். இலை கருகவில்லை. அப்புறம் காது குடையும் பஞ்சுக்குச்சியில் நனைத்து ஒவ்வொரு செதிலாகத் தொட்டு, ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். இடுக்குக்குள் பிரஷ் போகாத இடத்துக்கு பிரஷ்ஷின் முடியைக் கத்தரியால் சரித்து வெட்டி, முனை கூராக்கிக்கொண்டேன். அந்தச் சின்ன மாற்றம் பெரிய உதவி. கீழே செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள். விழுகிற செதிலுக்குள் முட்டை இருக்கும், அது தொட்டி மண்ணில் விழக்கூடாது. தாளை அப்படியே சுருட்டிக் கவரில் போட்டுக் கட்டி வெளியே போட்டேன்.

கையால் எடுத்தால் பெரியது போகும், குஞ்சு போகாது. அதற்குத்தான் வேப்பெண்ணெய். இங்கேதான் வேலூர் தண்ணீர் முதல் தடவை தன் வேலையைக் காட்டியது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கலங்குவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். எல்லோரும் சொல்லும் அளவுதான். போர் தண்ணீரில் கலக்கினேன். பால் நிறத்தில் கலங்கி வர வேண்டிய கரைசலில் வெள்ளை வெள்ளையாகத் திரி மிதந்தது. எண்ணெய் மேலே தனியாக ஒதுங்கி நின்றது. அதையே அடித்தேன். தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டது. எண்ணெய் திட்டாக விழுந்த இலைகளில் சில நாளில் பழுப்புப் பொத்தல். மற்ற இலைகளில் காய்ந்த வெள்ளைப் புள்ளி. செதில் குஞ்சு அதே மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தபோது அத்தை வந்து பார்த்தார். "இந்தத் தண்ணில சோப்பு எங்கம்மா நுரைக்கும்? துணி தொவைக்கவே காவேரித் தண்ணி புடிச்சில்ல வெக்கறேன்" என்றார். அதுதான் விஷயம். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத திரியாகிவிடுகின்றன. எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கிவைக்க சோப்பு மிஞ்சுவதில்லை. உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு பாட்டிலில் கால்வாசி தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சீவி இரண்டு துணுக்கு போட்டு மூடிக் குலுக்குங்கள். நுரை நின்றால் மருந்து கலக்கலாம். நுரை இல்லாமல் மேலே ஆடை கட்டினால் அந்தத் தண்ணீரில் வேப்பெண்ணெயைக் கலக்காதீர்கள்.

மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர்தான் எங்கள் தெருக் குழாயிலும் வருகிறது. 2019-இல் சென்னை தவித்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் போனதும் அந்தத் தண்ணீர்தான். அதில் அதே அளவு கலக்கினேன். ஒரே நிறமாக, திரி இல்லாமல் கலங்கியது. கலக்கிய உடனே அடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் பிரியும். மாலை வெயில் இறங்கிய பிறகு பால்கனிக்குத் தூக்கிப் போய், இலையின் அடிப்பக்கமும் பின்னல் இடுக்கும் சொட்டச் சொட்ட நனையும்படி அடித்தேன். மறுநாள் வெயில் படாமல் உள்ளே எடுத்துவிட்டேன். எண்ணெய் பூசிய இலையில் எங்கள் ஊர் வெயில் பட்டால் கருகிவிடும். வாரம் ஒரு முறை அடித்தேன், முட்டை பொரிந்து வருகிற ஒவ்வொரு குஞ்சுக் கூட்டமும் மாட்ட வேண்டும் என்பதற்காக. ஒரு முறை அடித்துவிட்டு நிறுத்தினால் பயனே இல்லை.

உரக்கடையில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியைக் கொடுத்தார்கள். "ஒரே அடியில் சுத்தமாகிவிடும்" என்றார் கடைக்காரர். ஹாலில் குழந்தை தவழ்கிற இடத்தில் நிற்கும் மரத்துக்கு அதை நான் ஊற்றமாட்டேன். தோட்டத்துச் செதிலுக்கும் மாவுப்பூச்சிக்கும் வேளாண் துறை சொல்லும் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு, லிட்டருக்கு 25 கிராம், நல்ல மருந்து. மொட்டை மாடிச் செம்பருத்திக்கு அதைத்தான் பயன்படுத்தினேன். வீட்டுக்குள் அந்த நாற்றம் தாங்காது.

பிசுபிசுப்பு குறைந்தது, எறும்பு நின்றது. ஆனால் மரம் தேறவில்லை. கிளை நுனியில் வந்த கொழுந்து மஞ்சள், பழைய இலைகளின் ஓரம் பழுப்பாகக் காய்ந்தது. பூச்சி போன பிறகும் இப்படி இருந்தால் காரணம் வேறு எங்கோ. தொட்டியின் விளிம்பைப் பார்த்தேன். விரல் தடிமனுக்கு வெள்ளைப் பொருக்கு.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கி, வீட்டில் இருக்கும் எல்லாத் தண்ணீரையும் டம்ளரில் வரிசையாக வைத்து அளந்தேன். போர் தண்ணீர் லிட்டருக்கு 1,240 மில்லிகிராம். காவிரி 310. ஆர்.ஓ. குடிநீர் 70. ஏ.சி. குழாயில் சொட்டுவது 20. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீர் 1,820. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. மனிதருக்கான வரம்பு அது. தொட்டிச் செடிக்கு இன்னும் குறைவாக இருக்க வேண்டும். நாம் குடிக்கிற உப்பு உடம்பை விட்டு வெளியேறிவிடும். தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும்.

அந்த 1,820-தான் மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்க் கஷ்டம் பார்த்த ஊரில் ஆர்.ஓ. கழிவு நீரை யாரும் சாக்கடையில் விடமாட்டார்கள். வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுவோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அந்த வாளி இருக்கிறது. நல்ல பழக்கம்தான், தரையில் இருக்கும் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றினால் மழை வந்து உப்பைக் கழுவிவிடும். வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கு மழை ஏது? தெளிப்பானில் போர் தண்ணீரை அடித்து இலையை நனைத்ததும் இதே கணக்குதான். இலையில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளைப் பூச்சி என்று நினைத்துப் பயந்தோம். எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்ட தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்ததும் போய்விட்டன.

உப்பைக் கழுவுவதற்கு மழைக்காலம் வரை காத்திருந்தேன். ஐப்பசி மழையில் தொட்டியை மொட்டை மாடியில் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் தட்டு இல்லாமல் நனையவிட்டேன். மழை விட்ட நேரத்தில் டிரம்மில் பிடித்த மழைநீரை மெதுவாக ஊற்றினேன். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் போக வேண்டும். அடியில் வடிந்ததைப் பிடித்து மீட்டரில் வைத்தால் முதலில் 4,300 காட்டியது. ஊற்ற ஊற்ற 2,600, அப்புறம் 1,500. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. இவ்வளவு நல்ல தண்ணீர் போயும் ஏன் இறங்கவில்லை என்று புரியவில்லை.

செடி வாங்கிய நர்சரிக்கு இரண்டு படம் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே வேலை செய்கிற பெரியவர் படத்தைக் கூட சரியாகப் பார்க்கவில்லை. "ஐயா, ஊத்தற தண்ணி எல்லாம் ஓரத்துலயே வடிஞ்சிடுதுங்க" என்றதும் புரிந்துகொண்டார். "நடுவுல களிமண்ணு உருண்டை இருக்கும்மா. காய்ஞ்சா கல்லு மாதிரி ஆயிடும். தண்ணி உள்ள போவவே போவாது. மாசில மாத்து, இப்ப மழைல வேணாம்" என்றார்.

மாசியில் மாற்றினேன். தொட்டியைப் பெரிய அன்னக்கூடையில் மூழ்கும்படி வைத்து அரை நாள் ஊறவிட்ட பிறகும், உருண்டையின் நடுவில் காய்ந்த சிவப்பு மண்தான் இருந்தது. நர்சரிப் பையில் இருந்த செம்மண் களி அப்படியே இருந்தது, அதைச் சுற்றி வேர் பை வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றியிருந்தது. பழைய உப்பெல்லாம் அந்த உருண்டைக்குள். மூங்கில் குச்சியால் வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி, பாதிக் களியை உதிர்த்தேன். முழுவதையும் எடுக்கக்கூடாது, நல்ல வேரும் அறுந்துவிடும். வட்டமாகச் சுற்றிய தடித்த வேர்களையும் கறுத்து அழுகியவற்றையும் வெட்டினேன். மொத்த வேரில் கால்வாசி போயிருக்கும். வெட்டிய இடமெல்லாம் பால் வடிந்தது. அது தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள். கத்தரியையும் அவ்வப்போது ஸ்பிரிட் துணியால் துடைக்க வேண்டும். இல்லையென்றால் பால் காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

புது மண் கலவைக்கு ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு தென்னை நார்த்தூள், ஒரு பங்கு கடலை அளவுக்கு உடைத்த செங்கல் துண்டு. எம்சாண்ட் போடலாமே என்று கேட்பார்கள். அதில் இருக்கும் கல்தூள் மண்ணோடு சேர்ந்து அடைத்துக்கொள்கிறது, வேறு தொட்டியில் பார்த்துவிட்டேன். செங்கல் காசில்லாமல் கிடைத்தது, பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள். தென்னை நார்க் கட்டி 650 கிராம், 90 ரூபாய். ஊறினால் எட்டு லிட்டருக்கு மேல் வரும். அதை அப்படியே போட்டுவிடாதீர்கள். ஊறவைத்துப் பிழிந்த முதல் தண்ணீரை அளந்தால் 2,000-ஐத் தாண்டியது. காவிரித் தண்ணீரில் அலசிப் பிழிந்து, பிழிந்த தண்ணீர் 500-க்குக் கீழே வந்த பிறகுதான் கலந்தேன். மீட்டர் இல்லாமல் இது தெரிந்திருக்காது.

தொட்டியும் மாற்றினேன். பிளாஸ்டிக்கிலிருந்து மண்தொட்டிக்கு, 450 ரூபாய். அதே 12 அங்குலம். வேர் குறைந்த மரத்தைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். நட்டு முடித்ததும் மேலே கிளைகளையும் கொஞ்சம் கவாத்து செய்தேன், வேரும் இலையும் ஈடாக இருக்க வேண்டுமே.

இப்போது மஞ்சள் கொழுந்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு அதிக நாள் வீணானது. மஞ்சள் என்றாலே சத்துக் குறைவு என்று தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கும் கரையும் உரம் 19:19:19 கொடுத்துப் பார்த்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடி வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். மஞ்சள் எந்த இலையில் என்பதைப் பார்க்க வேண்டும். அடியில் இருக்கும் பழைய இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவோ, தண்ணீர் அதிகமோ. நுனியில் இருக்கும் புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அது இரும்பு. எங்கள் மரத்தில் நரம்பு வலை வரைந்து வைத்த மாதிரி தெளிவாகத் தெரிந்தது. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை, செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். கடினத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கிவிடுகிறது, காரமான மண்ணில் வேரால் இரும்பை எடுக்க முடியாது.

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 30 ரூபாய்க்கு வாங்கினேன். இளம்பச்சைப் படிகமாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பழுப்பேறிப் போனது துருப்பிடித்தது, வேலைக்கு ஆகாது. ஒரு லிட்டர் காவிரித் தண்ணீரில் முதலில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு சிட்டிகை, அப்புறம் 2 கிராம் அன்னபேதி. போர் தண்ணீரில் போட்டும் பார்த்தேன், நிமிடங்களில் கலங்கித் துருநிறமாகிவிட்டது. மாலையில் கொழுந்துகளில் மட்டும் மெல்லிய பனியாக அடித்தேன். கீழே சாக்கு விரிக்க வேண்டும், பால்கனி டைல்ஸில் விழுந்த கறை இன்னும் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தேன். மஞ்சள் இலையில் துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளி. துளி விழாத இடம் மஞ்சளாகவே இருந்தது. இரும்புதான் குறை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த இலையைப் பார்த்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

இலையில் அடிப்பது தற்காலிகம். அடுத்த கொழுந்து மறுபடி மஞ்சளாகத்தான் வரும். வேருக்கு ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு கொடுத்தேன், 100 கிராம் 200 ரூபாய். உரக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. இரும்பு விலை குறைவு, ஆனால் கார மண்ணில் அது தாங்காது. இது தாங்கும். தண்ணீரில் கரைத்தால் அடர்சிவப்பாக இருக்கும். லிட்டருக்கு ஒரு கிராம், மாதம் ஒரு தடவை, ஈர மண்ணில். பங்குனிக் கொழுந்து அதற்குப் பிறகு வந்ததுதான், முதல் நாளிலிருந்தே பச்சை.

இடத்தையும் மாற்றினேன். போனில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, பகல் பதினோரு மணிக்கு அளந்தேன். டிவி மூலையில் 140 லக்ஸ், கிழக்கு ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி 1,900. போன் கணக்கு துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசம் போதும். இப்போது மரம் ஜன்னல் பக்கம் நிற்கிறது, ஏ.சி. காற்று படாத இடம். அங்கே வைத்த பிறகு நகர்த்தவில்லை, திருப்பவும் இல்லை.

நடுவில் வேறொன்று வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மண் மாற்றிய பிறகு சில நாள் பால்கனியில் வைத்திருந்தபோது, நுனி இலைகள் நடுநரம்போடு இரண்டாக மடிந்து ஒட்டிக்கொண்டன, மேலே செங்கருப்புப் புள்ளிகள். பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுப்பாக, மெலிந்த, இரண்டு மில்லிமீட்டர் பூச்சிகள், கூடவே வெளிர்மஞ்சள் குஞ்சுகள். ஃபைகஸுக்கென்றே இருக்கும் இலைப்பேன். தெருவோரம் அழகுக்கு வெட்டி வளர்க்கும் ஃபைகஸ்களில் மடிந்த இலையைப் பாருங்கள், அங்கிருந்து பறந்து வந்திருக்கும். மடிப்புக்குள் மருந்து போகாது. மடிந்த இலை ஒவ்வொன்றையும் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டு, மரத்தை உள்ளே எடுத்துவிட்டேன். அதோடு முடிந்தது.

செலவைக் கூட்டினால் கண்ணாடி 150, மீட்டர் 350, ஸ்பிரிட் 50, வேப்பெண்ணெய் 120, தெளிப்பான் 180, நார்க் கட்டி 90, மண்புழு உரம் 100, தொட்டி 450, அன்னபேதி 30, இரும்பு 200. மொத்தம் 1,720. மரத்தின் விலையைத் தாண்டிவிட்டது. ஆனால் திரும்ப ஆரம்பித்தால் முதலில் வாங்குவது கண்ணாடியும் மீட்டரும்தான், மருந்து அப்புறம். அந்த 500 ரூபாய் முதலிலேயே கையில் இருந்திருந்தால் ஆடியிலேயே பாதிப் பிரச்சினை தெரிந்திருக்கும்.

வாங்குவதிலும் சிலவற்றை மாற்றுவேன். சித்திரையில் வாங்கமாட்டேன், ஆவணிக்கு மேல் வெயில் தணிந்த பிறகு வாங்குவேன். நர்சரியிலேயே பின்னல் இடுக்கில் நகத்தை விட்டுப் பார்ப்பேன். பையை அழுத்திப் பார்ப்பேன், களி உருண்டையாக இருந்தால் அந்த மழைக்காலம் முடிந்ததும் மண் மாற்றத் தயாராக இருப்பேன். வீட்டுக்கு வந்ததும் நேராக ஜன்னல் பக்கம்.

தண்ணீர் ஏற்பாடு இப்போது நிலையாகிவிட்டது. ஆர்.ஓ. கழிவு நீர் வாளி வீடு துடைக்கவும் வாசல் தெளிக்கவும் போகிறது, அத்தைக்கும் அதில் சம்மதம். 2003-இல் எல்லா வீட்டிலும் கட்டாயமாக வைக்கச் சொன்ன மழைநீர்க் குழாய் எங்கள் மாடியிலிருந்தும் குழிக்கு இறங்குகிறது. அதன் நடுவில் ஒரு வளைவு போட்டு 200 லிட்டர் டிரம்மில் விட்டிருக்கிறேன். முதல் மழையை மட்டும் குழிக்கு விட்டுவிட்டு, மாடி கழுவுப்பட்ட பிறகு டிரம்முக்குத் திருப்ப வேண்டும். வாயில் கொசுவலையை இறுக்கிக் கட்டியிருக்கிறேன், டெங்கு பயம் இல்லாத வருடம் ஏது? விரலை மண்ணில் இரண்டு கணு விட்டு, காய்ந்திருந்தால்தான் ஊற்றுகிறேன். வாரத்துக்கு ஐந்து லிட்டர் போல ஆகிறது. இந்த மரத்துக்கு மட்டும் என்றால் ஒரு டிரம் ஒன்பது மாதம் வரும். கோடையில் அது குறைந்தால் ஏ.சி. தண்ணீரையும் காவிரியையும் பாதிக்குப் பாதி கலந்து கொடுக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. கீழே, சுவர்ப் பக்கத்துக் கிளை ஒன்றில் இன்னும் இலை இல்லை. போன வாரம் பட்டையை நகத்தால் கீறினேன், அடியில் பச்சை இருந்தது, அதனால் வெட்டவில்லை. ஆவணியில் இன்னொரு முறை கீறிப் பார்ப்பேன். பழுப்பாகியிருந்தால் கணுவுக்கு மேலே வெட்டிவிட வேண்டியதுதான்.